ஐந்தடி சோஃபா

"வலி எங்க இருக்குன்னு விரலால காட்டுங்க. வாயால அப்புறம் சொல்லலாம்."

லிஃப்ட் மெக்கானிக் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடப்பக்கம் கையைக் கொண்டுபோகப் பார்த்தார். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"கை எங்க போக மாட்டேங்குதோ, அங்கதான் டாக்டர்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எதிரே உட்கார்ந்தார். முதுகெலும்பையும் மூட்டுகளையும் மருந்தில்லாமல் கையாலேயே சரிசெய்யும் அந்தச் சிகிச்சை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு முழுசாக அரை மணி நேரம். அதில் முதல் பாதி கேள்விதான். உட்காருவது, நடப்பது, தூங்குவது என்று ஒன்றுவிடாமல் டாக்டரே கேட்டு, டாக்டரே எழுதிக்கொள்வார். கேட்டு முடிக்காமல் யார் மேலும் கை வைப்பதில்லை.

மெக்கானிக்குக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் மனைவி அவரோடு பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. சொல்ல வேண்டியதெல்லாம் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்படும். 'பால் இல்லை.' 'குழாய் ஒழுகுகிறது.' நேற்று வெறும் வெள்ளைச் சீட்டு. திட்டிக்கூட எழுதவில்லையே என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. முதுகுவலியைப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த மௌனத்தை இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற நிலைமைக்கு மனிதர் வந்திருந்தார்.

"எவ்வளவு நாளா வலி?"

"பதினெட்டு நாளா."

"எங்க தூங்கறீங்க?"

"ஹால்ல, சோஃபாவுல."

"சோஃபா எத்தனை அடி?"

"அஞ்சு."

"நீங்க?"

"அஞ்சே முக்கால்."

"மிச்சம் முக்கால் அடியை எங்க வைக்கறீங்க?"

"கைப்பிடி மேல டாக்டர். காலையில எழுந்தா கால் யாரோடதோ மாதிரி இருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். வீட்டில் கட்டில் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, அதில் மனைவி படுக்கிறார் என்றார் மெக்கானிக். கட்டில் அவ்வளவு சின்னதா என்று அடுத்த கேள்வி வந்தது.

"கட்டில் பெருசுதான். அவங்க கோபம் அதைவிடப் பெருசு."

பேனா நின்றது. "காரணம்? எல்லாத்தையும் எழுதணும்."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தங்கை வீட்டில் ஒரு விருந்து. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். யாரோ மனைவியின் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேச்செடுத்தார்கள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இதற்கெல்லாம் ஒரு படிப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நானே கற்றுக்கொண்டுவிடுவேன் என்று எடுத்துவிட்டார். கூடமே சிரித்தது.

"அவங்க?"

"அவங்களும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் என் தலையணையை எடுத்து ஹால்ல போட்டாங்க. அவ்வளவுதான்."

டாக்டர் படிவத்தை மூடிவிட்டு, முகம் வைக்க ஓட்டை இருந்த நீளமான மேசையில் அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார். ஓட்டை வழியே மெக்கானிக்குக்குத் தரையும் டாக்டரின் வெள்ளைக் காலணிகளும் மட்டுமே தெரிந்தன. இரண்டு கட்டைவிரல்கள் கழுத்திலிருந்து ஒவ்வொரு எலும்பாக அழுத்தி இறங்கி, வலி இருந்த இடத்தில் சொல்லிவைத்தாற்போல் நின்றன. தேடவே இல்லை. பதினைந்து வருடமாக மோட்டார் சத்தத்தை வைத்தே லிஃப்டின் பழுதைக் கண்டுபிடிக்கிறவர் அவர். அந்த விரல்களில் இருந்தது எத்தனை வருடத்து வேலை என்று அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" மேலிருந்து குரல் வந்தது.

"கேட்க விட்டாத்தானே. நான் சமையலறைக்குப் போனா அவங்க மாடிக்குப் போயிடறாங்க. நான் மாடிக்குப் போனா அவங்க கீழ வந்துடறாங்க."

"விட்டா என்ன சொல்லுவீங்க? இப்ப சொல்லுங்க, கேட்போம்."

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியாம பேசிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சேதான் பேசினேன். எல்லாரும் உன்னையே புகழ்றாங்களேன்னு ஒரு பொறாமை. அப்ப நீயும் கூடச் சேர்ந்து சிரிச்ச பாரு, அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடல. சோஃபா இல்ல."

கட்டைவிரல்கள் அசையவில்லை.

"ஒருக்களிச்சுப் படுங்க," என்றார் டாக்டர். தோளை ஒரு கையால் பிடித்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து விடச் சொல்லி ஒரே தள்ளு. முதுகுக்குள் மடமடவென்று சத்தம் கேட்டது. தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் போட்டாரோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

எழுந்து நின்றபோது முதுகு லேசாகியிருந்தது. இருவரும் வெளியே வந்தார்கள். இரண்டு நாள் முன்புதான் வேலைக்குச் சேர்ந்த வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், இவருக்கு அடுத்த வாரம் எந்த நாள் போடட்டும்?"

"ஒண்ணும் போடாதம்மா," என்றார் டாக்டர். "இவர் என் வீட்டுக்காரர். இன்னையிலேர்ந்து கட்டில்ல படுப்பார், வலி தானா போயிடும்."