பழைய பெட்டி போன இடம்

"பழைய பெட்டியை யாருக்குக் குடுத்திய?"

விஜயஸ்ரீ இதைக் கேட்பது மூன்றாவது தடவை. ஜெபசீலனும் இட்லியைப் பிட்டபடி, புதுசு வாங்கும்போது அதைக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டதாக மூன்றாவது தடவையும் சொன்னான்.

பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் புதுப் பெட்டி வந்து இரண்டு மாதம் இருக்கும். டிவியோடு சேர்த்துவிட்டால் நெட்டிலிருந்து படம், தொடர், விளையாட்டு எல்லாம் வந்து கொட்டுகிற உள்ளங்கை அகலப் பெட்டி. பழையதும் அதே வேலையைத்தான் செய்தது. ஆனால் விளையாட்டைத் திறந்தால் திணறும், படம் முக்கியமான இடத்தில் நின்று சுற்றும். புதியதில் படம் பளிச்சென்று இருந்தது, விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. கணக்கு மட்டும் பழைய கணக்கே. அவள் பார்த்தது, பாதியில் விட்டது, விளையாட்டில் எட்டிய கட்டம் எல்லாம் அவள் பெயரிலேயே புதுப் பெட்டிக்கு வந்துவிட்டன.

வினையும் கூடவே வந்தது. சாயங்காலம் அவள் முழுதாகப் பார்த்து முடித்த தொடர், மறுநாள் காலையில் பாதியில் நிற்பதாகக் காட்டியது. ஒரு வாரமாக அவளால் தாண்ட முடியாத பழ விளையாட்டின் கட்டத்தை யாரோ தாண்டி வைத்திருந்தார்கள். புருஷன் வேலையாக இருக்குமோ என்றால், அவனுக்கு விளையாட்டைக் கண்டாலே கொட்டாவி வரும். ஆக, பழைய பெட்டி எங்கேயோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அவள் பெயரில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த ஆள் அவள் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தது. மட்டன் பிரியாணி செய்முறை மட்டும் ஒரே நிமிஷத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. விஜயஸ்ரீக்குச் சட்டென்று பிடிபட்டது. கவிச்சி ஆகாதவள்! ஜெபசீலனுக்குச் சைவ வீட்டுப் பெண் என்றால்தான் பிடிக்கும் என்பதற்கு அவளே சாட்சி.

"புதுசு வாங்கின ஜங்ஷன் கடை நாறும்பூநாதன் அண்ணாச்சிக்கு நேத்தே போன் போட்டுட்டேன். பழைய பெட்டி எதுவும் அங்க வரலையாம்."

ஜெபசீலன் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தான்.

"தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுத்தேன் விஜி. யாருன்னு உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ."

'வாங்கியிருக்காவ' என்ற மரியாதையில் ஆணும் தெரியவில்லை, பெண்ணும் தெரியவில்லை. மரியாதை வேறா என்று அவளுக்கு இன்னும் எரிந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வியாழக்கிழமை அவனுக்கு அம்பாசமுத்திரம் லைன். கடை கடையாக ஏறி மோட்டார் சாமான்களுக்கு ஆர்டர் எடுப்பான். இந்த இரண்டு மாதமாக வியாழக்கிழமை மட்டும் அவன் வீடு திரும்ப நேரமாகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போவதற்கு அவளுக்குப் பிறந்த வீடு கிடையாது. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவள் ஜெபசீலனைக் கட்டிக்கொண்ட அன்று, கல்லிடைக்குறிச்சியில் அப்பா சிவசைலம், ஆற்றில் இறங்கித் தலைமுழுகி, இனி அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று படித்துறையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சொன்னால் சொன்னதுதான். நாலு வருஷம் ஓடிவிட்டது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தபோதுகூடத் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். இந்த வீடும் கைவிட்டுப் போனால் அவள் எங்கே போய் நிற்பாள்?

பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு டிவி முன் உட்கார்ந்தாள். திரையின் மேல் மூலையில் அவள் பெயர் இருந்தது. இங்கே மாற்றினால் அந்தப் பெட்டியிலும் மாறும். பெயரை அழித்தாள். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, அந்த இடத்தில் எழுதினாள்: 'நீ யாருட்டி?'

மத்தியானம் வரை அது அப்படியே இருந்தது. நாலு மணிக்குத் திரும்பிப் பார்த்தபோது எழுத்து மாறியிருந்தது.

'உங்கப்பன்ட்டி.'

உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. வீட்டுக்காரியிடமே இப்படிப் பேசுகிற அளவுக்கு ஒருத்திக்குத் துணிச்சல் இருந்தால், அதற்கு இடம் கொடுத்தவனை என்ன சொல்வது? அலமாரியைத் திறந்து துணிமணிகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டாள். எங்கே போவது என்று தெரியாமலேயே பூட்டினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜெபசீலன் உள்ளே வந்தான். அவள் துணிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்ற மறந்து நின்றான். அவள் திரையைக் காட்டினாள்.

"உங்க சைவக்காரி என்ன சொல்லுதான்னு பாருங்க. யாருன்னு கேட்டதுக்கு எங்கப்பனை இழுத்து ஏசுதா."

அவன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு பைய அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது ஏச்சு இல்ல விஜி. கேட்டதுக்குப் பதிலைத்தான் சொல்லியிருக்காவ. உங்க அப்பாதான் அது."

அவள் மடியிலிருந்த துணிப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அம்பாசமுத்திரம் லைன்ல போனவனைக் கல்லிடைக்குறிச்சில மறிச்சு நிறுத்தி, நீ எப்படி இருக்கேன்னு கேட்டாவ. பழைய பெட்டியைக் கொண்டுபோய் மாட்டிக் குடுத்தேன். வியாழக்கிழமைதோறும் ஒரு எட்டு பாத்துட்டுத்தான் வாரேன்," என்றான் ஜெபசீலன். "உன் முகத்தைப் பாக்க மாட்டேன்னுதான் சொன்னாவளாம். நீ பாக்குததைப் பாக்க மாட்டேன்னு சொல்லலையாம்."