ஆமைக்கு விழாத ஓட்டு

அந்தக் குளத்தில் கொக்கும் மீன்கொத்தியும் மாறி மாறித் தலைவராயின. தலைவருக்குச் சிறகு வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, வழக்கம்தான். யார் வென்றாலும் மீன்குஞ்சுகள் குறைந்தன.

“இந்தத் தடவை ஆமைக்குப் போடுவோமா, அக்கா?” என்றது கெண்டை.

“போடலாம்டி. ஓட்டுப் பிரிஞ்சு கொக்கு ஜெயிச்சிட்டா?” என்றது கெளுத்தி.

“அப்போ முதல் விருப்பம், ரெண்டாம் விருப்பம்னு வரிசையாச் சொல்லுவோம். ஆமை தோத்தா நம்ம ஓட்டு மீன்கொத்திக்குப் போகட்டும்.”

குளமே வாலடித்து வரவேற்றது. ஆனால் விதியைத் திருத்த ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சம்மதிக்க வேண்டும். கொக்கும் மீன்கொத்தியும் கரையில் கூடிப் பேசின. எதிலும் ஒத்துப்போகாத இரண்டும், முதன்முறையாக ஒரே குரலில், “மீன்களுக்குக் குழப்பமாக இருக்கும்” என்று தீர்ப்பளித்தன.

பிறகு ஒன்றாகவே சாப்பிடப் போயின.