கஷிரா

தணிகாசலம் ஜப்பானிய மொழியை மனைவி ஹருமியிடம்தான் கற்றான், அடுப்படியில், அவள் வெங்காயத்தாள் நறுக்கும் நேரங்களில். அதனால் அவளைப் போலவே பேசினான். ‘மழை வருமோ’ என்று கேட்கும்போது பெண்கள் கடைசியில் சேர்க்கும் ‘கஷிரா’ அவன் பெரிய மீசைக்குக் கீழிருந்து வந்தால் அலுவலகமே குனிந்து சிரிக்கும். ஹருமி மட்டும் ஒருநாளும் திருத்தியதில்லை.

அவள் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு மாமனார் வீட்டுக்குப் போனான். கல்யாணமான நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர். ஆண்கள் பேசுகிற பேச்சை ரயிலில் முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்திருந்தான். சடங்கு முடிந்து தேநீர் வந்தது. எல்லோரும் குனிந்து தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, எதையாவது பேசித் தொலைக்க வேண்டுமே என்று “மழை வருமோ” என்றான். கஷிராவும் சேர்ந்தே வந்துவிட்டது. உறவினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவை கேளுங்க.”

கேட்டான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “வரும்மா,” என்றார். “குடைய எடுத்துட்டுப் போ.”