ஆறு இலக்கம்
பிற்பகல் மூன்று மணிக்கே பண்டாரவளையில் பனிமூட்டம் இறங்கி, எதிர்மலைத் தேயிலை கண்ணுக்குத் தெரியவில்லை. பாடசாலை அதிபர் பாக்கியலெட்சுமி, போட்ட ஸ்வெட்டரைக் கழற்றாமல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வருமான வரி விபரத்திரட்டு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று, ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்டுத் திரையில் ஒரு சின்னப் பெட்டி சிமிட்டிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் லீவில் வந்த மகள் தனுஜா, தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்துத்தான் பதிவு செய்தாள். எண் அங்கேதான் போகும், தோஹாவுக்கு. தனுஜா அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. மூன்று கிழமையாக, "பிறகு எடுக்கிறேம்மா" என்ற செய்தி மட்டும்தான் வந்துகொண்டிருக்கிறது.

இன்று பாக்கியலெட்சுமி அழைத்ததும், போனின் இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்துவிடுகிறாள். பின்னால் யாரோ இருமுகிறார்கள். தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போகிறது. "அம்மா, வார்டுல நிக்கிறேன். நம்பர் வந்திருக்கு, எழுதிக்குங்க. நாலு, ஏழு, ஒண்ணு..." பாக்கியலெட்சுமி ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். ஆறும் சரி. பச்சை எழுத்தில் நன்றி சொல்லிப் பக்கம் மாறுகிறது. அறையில் கடிகாரச் சத்தம் மட்டும்.

"போட்டுட்டீங்களாம்மா? வச்சிரட்டுமா?"

பாக்கியலெட்சுமி மடிக்கணினியைச் சத்தமில்லாமல் மூடுகிறாள். "சரியா கேக்கல தனு. இன்னொருக்கா சொல்லு. மெதுவாச் சொல்லு."

"நாலு," என்று மகள் முதலிலிருந்து தொடங்குகிறாள். பாக்கியலெட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்களை மூடிக்கொள்கிறாள்.