மெல்லிய ஒயர்

“ஒன்பதாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று, தன் மின்னியல் பாடப்புத்தகத்தைப் புரட்டிய தங்கையிடம் அண்ணன் ஒருமுறை கேட்டிருந்தான். அவன் ஒயரிங் கான்ட்ராக்டர்.

இன்று மின் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து, கணக்குத்தாளை அவன் முன் நீட்டினார்.

“தையல் கம்பெனிக்கு இவ்வளவு மெலிசான ஒயரா போடுவாங்க? தீயில ஒரு பொண்ணு கருகிப் போச்சுப்பா.”

அண்ணன் தலைகுனிந்தான்.

“ஒயர் சூட்டுக்கு, ஓடுற கரண்டை வர்க்கப்படுத்தி தடையால பெருக்கணும். நீ வோல்டேஜை வர்க்கப்படுத்தி தடையால வகுத்திருக்கே. அப்படிப் போட்டா, ஒயர் மெலிய மெலிய சூடு கம்மின்னுதானே காட்டும்? உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் கொடுத்தான்? கிளம்பு, வெளியே போலீஸ் ஜீப் நிக்குது.”

கதவோரம் நின்ற தங்கை ஓரடி முன்னால் வந்தாள். வேற்று மனிதரிடம் பேசியே பழகாதவள், மெல்ல வாய் திறந்தாள்.

“சார், அது என் கணக்கு. அஞ்சு வருஷமா நான்தான் போட்டுத் தர்றேன். அண்ணன் பார்த்து எழுதிக்குவான்.”

“அண்ணனைக் காப்பாத்த நல்லாவே கதை விடறியேம்மா.” ஆய்வாளர் அவன் பக்கம் திரும்பினார். “உண்மையாப்பா?”

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய் ஜீப்பில் ஏறினான்.