ஒரே பலம்

வியாபார உத்தி வகுப்பில் முதுகலை மாணவி தன் கட்டுரையை வாசித்து முடிப்பதற்குள் பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எதிர்த்தாப்ல வந்திருக்கிற புதுக் காலேஜ் முன்னாடி நம்ம காலேஜ் நிக்காதுன்னு எழுதியிருக்கியே, என்ன கொழுப்பு உனக்கு?"

"கட்டடம், கம்ப்யூட்டர், நூலகம் எல்லாத்துலயும் அவங்க முந்திட்டாங்க சார். நமக்கு மிச்சம் இருக்கிற ஒரே பலம் நீங்கதான். உங்களையும் அவங்க இழுத்துட்டாங்கன்னா..."

"வாயை மூடு! என்னை விலைக்கு வாங்கலாம்னு சொல்றியா? இருபது வருஷமா இங்கேயே கிடக்கிறேன். விசுவாசம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

கட்டுரையை வெடுக்கென்று பிடுங்கி, அதன் தலையில் பெரிதாக ஒரு முட்டை போட்டார்.

"வெளியே போ!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியேறினாள்.

மணி அடித்ததும் அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எதிர்க் கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டார்.

"நீங்க சொன்ன சம்பளம் கட்டுப்படியாகாது சார். இந்தக் காலேஜோட ஒரே பலமே நான்தான். சும்மா சொல்லல, ஒரு மாணவி ஆராய்ஞ்சு எழுதின கட்டுரையே என் கையில இருக்கு."

"அடேயப்பா! அந்தப் பொண்ணுக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

பேராசிரியர் தன்னையறியாமல் முட்டையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சார்."