செங்கல் நிறத் தூள்

துவைக்க எடுத்த சட்டையின் நெஞ்சுப் பக்கம் செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல்.

தொட்டேன். விரலில் ஒட்டியது. மகரந்தம்.

“பஸ்ல ஒரே கூட்டம். யாராவது உரசியிருப்பாங்க” என்றார் என் வீட்டுக்காரர். குழாயடியில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அதுவும் புது வழக்கம்தான்.

பூக்கடையில் வேலை செய்கிறவள் காதிலேயே பூ சுற்றுகிறார்.

ரோஜா தன் தூளை இதழ்களுக்குள் பொத்தி வைத்துக்கொள்ளும். சூரியகாந்தி ஒரே பூவல்ல, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டுக்குடித்தனம். அதன் தூள் மஞ்சள். லில்லிதான் ஆறு தூள்பைகளை ஆறு காம்பு நுனியில் வெளியே நீட்டி, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் இந்த நிறத்தில் பூசி அனுப்பும்.

எவளுக்கோ பூங்கொத்து வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஆனால் எங்களைப் போன்ற கடைகளில் லில்லியை அப்படியே விற்பதில்லை. மொட்டு விரிந்ததும் அந்த ஆறு பைகளையும் கிள்ளி எறிவதுதான் என் காலை வேலையே. இல்லாவிட்டால் வாங்குகிறவர்களின் துணி பாழாகும்.

அப்படியானால் இது மண்ணில் நிற்கும் செடி. தோட்டம் வைத்திருப்பவள்.

அவர் அலுவலகத்தில் ஒருத்தி எந்நேரமும் செடிகொடி பற்றியே பேசுவாளாம். அவளை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே பிடிக்காமல் போனது. சனிக்கிழமைகளில் இவர் தாமதமாக வருவதும் சரியாகப் பொருந்தியது.

லில்லிக் கறையில் தண்ணீர் பட்டால் பரவிவிடும். டேப்பை ஒட்டிப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு துண்டு கிழித்துக்கொண்டு சட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். பொத்தான் இடுக்குகளில் ஈர மண் அப்பியிருந்தது.

இந்த ஊரில் மண்ணில் நிற்கும் லில்லி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நான் நட்டது. இடுகாட்டில், எங்கள் மகளின் தலைமாட்டில்.

“இனிமே அங்க போகாத. போனா அவ வரவா போறா?” என்று அன்று கண்கூடக் கலங்காமல் சொன்னவர் இவர். கல்நெஞ்சுக்காரர் என்று அதற்குப் பிறகு நான் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

அது குட்டை ரகம். ஒரு சாண்தான் வளரும்.

நின்றால் படாது. குனிந்தாலும் கையில்தான் படும்.

குப்புறப் படுத்தால்தான் நெஞ்சில் பூசும்.